குவெட்டுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆய்வகத்து மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைப்பது என் பொறுப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கே கண்ணாடிச் சாமான்களைக் கழுவும் உதவியாளர். மனிதர்களிடம் பேசத்தான் எனக்குக் கூச்சம், மெஷின்களிடம் இல்லை.

அங்கே ஆராய்ச்சி செய்யும் தம்பி ஒருவர், பேரையூர்க்காரர். குவெட் என்கிற சின்னக் குவார்ட்ஸ் குப்பியில் டிஎன்ஏவை ஊற்றி, அதன் வழியாக ஒளியை விட்டு, எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று வரைபடம் எடுப்பார். டிஎன்ஏவில் எழுத்துகள் இரண்டிரண்டாகத்தான் ஜோடி சேருமாம். இவர் பார்ப்பது ஜி என்கிற எழுத்துகள் நான்கு சதுரமாகக் கைகோத்து நிற்கும் விநோத ரகம். வில்லாபுரம் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நான்கு பேர் உட்காருவோமே, அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

பூஜையன்று பெரிய மெஷினுக்குப் பொட்டு வைத்த பிறகு குவெட் கண்ணில் பட்டது. உழைப்பது இது, பொட்டு அதற்கு மட்டுமா? கடுகளவு குங்குமம் வைத்தேன். சொரசொரப்பான பக்கத்தில் எடுப்பாக இல்லை என்று பளபளப்பான பக்கத்தில் வைத்தேன். ஒளி போவது அந்தப் பக்கமாகத்தான்.

விடுமுறை முடிந்ததும் குவெட்டை உள்ளே நன்றாக அலசினேன். வெளியே ஒரே ஒரு துடைப்பு.

அன்று மதியம் தம்பி துள்ளிக் குதித்தார். வரைபடத்தில், டிஎன்ஏவுக்கு வரவே கூடாத இடத்தில் ஒரு மேடு! போனில் நண்பரிடம் கத்தினார்: "மாப்ள, புதுசா ஒண்ணு சிக்கிருச்சுடா! எம்புட்டுப் பெரிய மேடு தெரியுமா! சார்ட்ட சொல்லிட்டேன், மூணு மணிக்கு வாராரு. காட்டிட்டு, அப்படியே கருத்தரங்குக்கு அனுப்பிர வேண்டியதுதான்."

நான் வைத்த பொட்டு நினைவுக்கு வந்தது. ஊரே சிரிக்குமே இந்தப் பிள்ளையை! சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவர் பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் மேஜையைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

"என்னக்கா, மேஜை தேஞ்சிரும்போல?"

"தம்பி... பூஜைக்கு நான் பொட்டு வச்சேன்."

"சரி."

"குவெட்டுக்கு."

"அதுக்கு நெத்தி எங்கக்கா இருக்கு?"

குவெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குங்குமத்திலிருந்த மஞ்சள் லேசாகத் தடம் விட்டிருந்தது. தேய்த்துக் கழுவி மறுபடி ஓட்டினார். மேடு காணாமல் போய்விட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் நிமிர்ந்தார்.

"குங்குமம் இருக்காக்கா?"

"இப்ப எதுக்குத் தம்பி?"

"நிரூபிக்கணும்ல. அதே எடத்துல, அதே அளவு வைங்க."

பர்ஸிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நான் பொட்டு வைத்துக்கொண்டிருக்கையில் பேராசிரியர் உள்ளே வந்தார்.

"என்னப்பா நடக்குது?"

"கண்ட்ரோல் சார். பொட்டு வச்சும் வைக்காமலும் ஓட்டிப் பாக்குறோம்."

மெஷின் ஓடியது. பழைய இடத்தில் மேடு எழுந்தது.

"இதான் நீ சொன்ன புதுசா?"

"இது குங்குமம் சார். டிஎன்ஏ எப்பவும்போலத்தான் இருக்கு."

சார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"எங்கயும் அனுப்பிரலயே?"

"இல்ல சார். அக்கா முந்திக்கிட்டாங்க."

காது சூடாகிவிட்டது எனக்கு. குவெட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.