கொரிய சூப்பில் யாழ்ப்பாணச் சரக்கு

2003ஆம் ஆண்டுக் குளிர்காலம். ஒஸ்லோவில், குரோருட் பகுதி அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தோம். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. விடுப்பு, உதவித்தொகை, மேன்முறையீடு என்று எதற்கு எந்த அலுவலகத்தில் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் கட்டடத்தில் எல்லோரும் அலுவலகக் கடிதங்களோடு என்னிடம் வருவார்கள். வராதவர்களிடம் நானே போய்விடுவேன்.

எதிர்வீட்டுப் பெண் கொரியாவில் பிறந்தவர். கைக்குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு, வட நோர்வேயின் மீன்பிடி ஊரொன்றில் வளர்ந்தவர். கொரிய மொழியில் ஒரு சொல் தெரியாது. அவர் பிள்ளை பெற்று வீடு திரும்பியபோது என் மனைவி பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் யாழ்ப்பாணத்தில் கொடுக்கும் பத்தியச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "என்னைப் பெற்ற அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு என்ன செய்து தந்திருப்பார்?"

இதற்கும் ஒரு நடைமுறை இருக்கத்தானே வேண்டும்? மறுநாளே நகரத்தில் ஒரு கொரிய அம்மா நடத்திய கடைக்குப் போய், பிள்ளைப்பேற்றுக்குப் பின் குடிக்கும் மூலிகைக் கசாயம் கேட்டேன். "அது வைத்தியர் நாடி பார்த்துக் கட்டித் தருவது. பால் கொடுக்கிறவளுக்கு நான் கண்டபடி தரமாட்டேன்" என்று மறுத்துவிட்டார். பதிலாக உலர்ந்த கடற்பாசியை எடுத்து வைத்தார். மாட்டிறைச்சி, உள்ளிப்பூண்டு, நல்லெண்ணெய் சேர்த்துச் சூப் வைக்க வேண்டுமாம். பிள்ளை பெற்ற மகளுக்குத் தாய் முதலில் கொடுப்பது அதுதானாம். உறைப்பு மட்டும் கூடவே கூடாது என்றார்.

சொன்னதை அப்படியே மனைவியிடம் ஒப்புவித்தேன். மாட்டிறைச்சி எங்கள் சட்டியில் ஏறாது, கோழி ஏறியது. பிறகு, பத்தியச் சரக்குக்கு மிளகும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் இடிக்கும் சத்தம் கேட்டது.

"உறைப்பு வேண்டாமெண்டு கடைக்கார அம்மா சொன்னவ."

"பச்சை உடம்புக்குச் சரக்குப் போடாமல் என்ன பத்தியமப்பா? வெறும் பாசித் தண்ணியைக் குடிச்சு எழும்புவாளே? நீங்கள் போய் உங்கடை கடிதங்களைப் பாருங்கோ."

எதிர்வீட்டுப் பெண் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, கிண்ணத்தை வழித்துக் குடித்தார். "அம்மாவின் ருசி இதுதானா!" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அவர் தாயைத் தேடிக் கண்டுபிடித்து, கொரியாவுக்குப் போய் வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தபடி சொன்னார்: "அம்மா அந்தச் சூப் வைத்திருந்தார். ஒரே சப்பென்று இருந்தது. என்னைக் கொடுத்துவிட்டவர்தானே, எனக்கு எதற்கு ஒழுங்காகச் செய்வார் என்று நினைத்துப் பாதியில் வைத்துவிட்டேன். அவர் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்."

"சொல்லுங்கோப்பா அவளுக்கு" என்றார் மனைவி, அடிக்குரலில்.

சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் அம்மா சரியாகத்தான் செய்திருக்கிறார்" என்றார். கோடை விடுமுறையில் மறுபடி போய், கேட்டு வாங்கிக் குடிப்பதாகச் சொன்னார். கோடைக்கு முன்பே தாய் இறந்த செய்தி வந்தது.

நாங்கள் கொடுத்தது அன்பினால்தான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு தாய் தன் மகளிடம் பெற்றிருக்க வேண்டிய மன்னிப்பை, அவர் பெயரில் நாங்கள் சமைத்தது தடுத்துவிட்டதே என்ற வருத்தம் எந்தச் சமாதானத்துக்கும் அடங்குவதாக இல்லை.