மரகதம் பூசிய களிம்பு

டாக்டர் ஜெஸிந்தா, எங்கள் தேவாலா தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தி சிலருக்கு ஏன் சொந்தத் தோலையே தாக்குகிறது என்று ஆராய்கிறாள். படிக்காத எனக்கு அது வேலியே பயிரை மேய்கிற கதை.

பக்கத்து வீட்டு மரகதத்தின் கையிலிருந்து சோதனைக்குக் கடுகளவு தோல் எடுக்க வந்திருந்தாள். விரலெல்லாம் செதில் வெடித்து மரகதத்தால் கொழுந்து பறிக்க முடியவில்லை. இப்படியே போனால் வேலையோடு லைன் வீடும் போய்விடும்.

"ஏனுங்க்கா, போன வாரம் செவசெவன்னு இருந்துச்சே? களிம்பு ஏதாச்சும் போட்டீங்களா?" என்று ஆறியிருந்த கையைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள் ஜெஸிந்தா.

"ஒண்ணுமில்லீங்க" என்ற மரகதம் என்னை முறைத்தாள்.

ஜெஸிந்தா மரக்க வைக்கிற ஊசியை எடுத்தாள். சொன்னால் மரகதம் என்னோடு பேசமாட்டாள். சொல்லாவிட்டால் அவள் கைக்கு விடிவில்லை.

"பொய்யி கண்ணு! மருந்துக்கடைக் களிம்பை வழிச்சு வழிச்சுப் பூசுனா. விருந்தாளி வந்தா ஊட்டைக் கூட்டி வெக்கற மாதிரி, நீ வர்றேன்னு கையைச் சுத்தம் பண்ணியிருக்கா!"

ஜெஸிந்தா ஊசியைக் கீழே வைத்தாள்.

"நல்லவேளை பெரிம்மா. களிம்பு நோயை அமுக்கிருச்சு. இப்ப எடுத்திருந்தா எந்த மருந்து கேக்கும்னு தப்பாச் சொல்லியிருப்பேன். அக்கா, நான் மறுபடி வந்து தோல் எடுக்கற வரைக்கும் அதைத் தொடாதீங்க. லீவுக்கு எஸ்டேட் ஆபீஸ்ல நான் பேசறேன்."

"அப்ப மறுக்கா வெடிக்கோணுமா? கெழவி, உன் வாயில புண்ணு வர!" என்றாள் மரகதம்.

"வந்தா இவகிட்டயே காட்டிக்கறேன், போடி!"