ஐம்பது மீட்டர் மழை

புனேவுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் திருச்சியில் என் இதயக் குழாயில் இருந்த அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி வங்கியில் மனுப் போட்டுப் பார்த்தேன். பதவி உயர்வு வேண்டுமென்றால் வெளி மாநிலம் போய்த்தான் ஆக வேண்டும் என்றார்கள். மனைவி ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. இரண்டு பேரையும் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. விஷ்ராந்த்வாடியில் ஒரு மாடியில் ஒற்றை அறை வீடு பார்த்துக்கொண்டு நான் மட்டும் வந்து சேர்ந்தேன்.

காலையில் கட்டாயம் நடக்க வேண்டும், ஆனால் நாடித்துடிப்பு ஒரு அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. "தனியா நடக்கறப்ப அது ஏறிடுச்சுன்னு யாருங்க உங்களுக்குச் சொல்லுவா?" என்று மனைவி கேட்டாள். அதற்காகத்தான் அந்த ஸ்போர்ட்ஸ் வாட்சை வாங்கினேன். அப்போது அவை புதிது. மார்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் துடிப்பு கையிலிருக்கும் கடிகாரத்தில் எண்ணாகத் தெரியும். ஓட்டப்பந்தயக்காரர்களுக்குச் செய்த பொருள். கறுப்பு, பெரிய முகம். வங்கிக்குக் கட்டிக்கொண்டு போனால் கிளார்க்குகள் சிரித்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊருக்குப் போன் செய்வேன். எடுத்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்கு எவ்ளோ?"

"நூத்திப் பத்து."

"மேடு ஏறினீங்களா?"

"இல்ல. பஸ்ஸைப் பிடிக்கக் கொஞ்சம் ஓடினேன்."

"அதெல்லாம் வேண்டாம். அடுத்த பஸ் வராமயா போயிரும்?"

கல்யாணமாகி இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்த எங்களுக்குப் போனில் பேசத் தெரியவில்லை. அந்த எண் இருந்ததால் பேச்சு ஆரம்பித்தது. அதிலிருந்து மகளின் டியூஷன், மோட்டார் ரிப்பேர், அவள் தலைமையாசிரியையின் குணம் என்று நகரும். போனை வைத்த பிறகு அறை இன்னும் கொஞ்சம் அமைதியாகிவிடும். கீழ்வீட்டு மராத்திக் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கும் சத்தம் மேலே வரும். என்ன நிகழ்ச்சி என்று புரியாமலே நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த ஜூலையில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலை ஆளந்தி ரோட்டில் பாதி தூரம் போனபோது பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் நனைந்துகொண்டே திரும்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடிகாரக் கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்ததுபோல் ஒரு மூட்டம். மறுநாள் எண்கள் பாதி பாதியாகத் தெரிந்தன. அதற்கடுத்த நாள் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு எவ்ளோ?"

"வாட்ச் நின்னுபோச்சு."

 "வாரண்டி இருக்குல்ல? முதல்ல அதைப் பாருங்க" என்றாள்.

சர்வீஸ் சென்டர் கேம்ப் பகுதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சனிக்கிழமை வங்கி முடிந்ததும் போனேன். கவுண்டரில் இருந்த மராத்திப் பெண் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே எடுத்துப் போய், திரும்பி வந்தாள்.

"பானி கயா ஹை, காகா. வாரண்டி மே நஹீ ஆதா."

தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டியில் வராது. பின்பக்க மூடியில் ஐம்பது மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று பொறித்திருப்பதை விரலால் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே சொன்னாள். என்னிடம் இருந்தது பரீட்சைக்குப் படித்த ஹிந்தி. அதில் விடுப்பு விண்ணப்பம் எழுதலாம், சண்டை போட முடியாது. "யே கலத் ஹை" என்று மட்டும் சொன்னேன். இது தப்பு. அதற்கு மேல் வார்த்தை இல்லை. பின்னால் நின்றிருந்த ஆள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவன் கடிகாரத்தைக் கவுண்டரில் வைத்தான். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னது, உங்களைக் காகான்னா கூப்பிட்டா?"

"இங்க சித்தப்பா பெரியப்பாவை எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து என்னவென்று கேட்டாள். ஊரை விட்டு வந்தபின் மனைவி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு சட்டென்று வகுப்பறைக் குரலுக்கு மாறிவிட்டாள்.

"ஐம்பது மீட்டர் ஆழத்துல தண்ணியோட அழுத்தம் என்ன தெரியுமா? மழை அந்த அழுத்தத்துல விழுந்தா நீங்க உயிரோட வீட்டுக்கு வந்திருக்க மாட்டீங்க. இதை அவங்ககிட்டச் சொல்லுங்க."

"எந்தப் பாஷையில சொல்ல?"

"மேனேஜர் இருப்பார்ல? இங்கிலீஷ்ல சொல்லுங்க."

மேனேஜர் இருந்தார். அடுத்த சனிக்கிழமை என்னை அவர் அறைக்குள் உட்கார வைத்தார்கள். நெற்றியில் விபூதிக் கீற்று மாதிரி ஏதோ தெரிந்ததும் தமிழராக இருப்பாரோ என்று ஒரு கணம் எனக்குள் ஒரு நப்பாசை. இல்லை, கோலாப்பூர்க்காரர். நான் சொன்னதை எல்லாம் மரியாதையாகக் கேட்டார். மழையில் நனைந்ததில் தவறில்லை, நனையும்போது பட்டனை அமுக்கியிருப்பீர்கள், அந்த இடைவெளியில் தண்ணீர் போயிருக்கும், அது உபயோகிப்பவர் தவறு, விதிமுறை அப்படி, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வருத்தப்படுவதுபோல் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கடன் விண்ணப்பங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நான் வைத்துக்கொள்ளும் முகம். அதற்கு எதிரே உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

மொபைலை எடுத்து மனைவிக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அவர்கிட்டக் குடுங்க" என்றாள்.

அவர் தயங்கி வாங்கிக் காதில் வைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினாள். அவள் குரல் கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரை போகப் பழகிய குரல். ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. மழை என்ன ஐம்பது மீட்டர் ஆழத்துக்கா பெய்கிறது என்று கேட்டாள். அந்த ஐம்பது மீட்டர் கணக்கு லேபுக்குள் பரிசோதித்தது என்று அவர் விளக்கினார்.

"அப்படின்னா அவரை உங்க லேபுக்குள்ளயே வாக்கிங் போகச் சொல்லட்டுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஓடறவங்களுக்குன்னுதானே விக்கிறீங்க? பட்டனை அமுக்காம எப்படி ஓடுவாங்க? மழைக்காலம் மூணு மாசமும் வீட்லயே உட்காரணுமா? அவருக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு சார். அங்க அவரைப் பார்த்துக்க ஆள் கிடையாது. அந்த வாட்ச்தான் இருந்துச்சு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது, "மேடம் டீச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "புரிந்தது" என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். தன் சிபாரிசோடு மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

மும்பை சுலபத்தில் பதில் சொல்லவில்லை. கண்ணாடி ஓரத்தில் அடிபட்ட தடம் இருப்பதாக ஒரு தடவை. பட்டையையும் அனுப்பச் சொல்லி ஒரு தடவை. ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு ராத்திரிப் பேச்சாயிற்று. நான் நடந்ததைச் சொல்வேன், அவள் பதிலைத் தயாரிப்பாள், நான் எழுதிக்கொள்வேன். தடத்தைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்து லேப் அசிஸ்டன்ட்டிடம்கூட விசாரித்திருந்தாள். சில சமயம் எனக்கு முன்னால் அவளே கூப்பிட்டு, "ஏங்க, ஒண்ணு தோணுச்சு" என்று ஆரம்பிப்பாள். அப்போது அவள் குரலில் நான் பெண் பார்க்கப் போன நாட்களில் கேட்ட ஒரு வேகம் இருந்தது. மழை நின்று, பிள்ளையார்களைக் கரைக்க ஊர்வலம் போய், தெருக்கள் காய்ந்துவிட்டன. அந்த இரண்டு மூன்று மாதம் போல் நாங்கள் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை.

கடைசியில் கம்பெனி ஒத்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் கவுண்டர்ப் பெண் புதுப் பெட்டி ஒன்றைத் தள்ளினாள். முகமெல்லாம் சிரிப்பு. திறந்தேன். கடிகாரம் பழையதைவிட அழகாக இருந்தது. மார்புப் பட்டை இல்லை.

"வோ மாடல் பந்த் ஹோ கயா, காகா" என்றாள். அந்த மாடல் நின்றுவிட்டது, இது அதற்கு ஈடானது. நடந்த தூரம் காட்டும், ஸ்டாப்வாட்ச் உண்டு, திசைகூடக் காட்டும். துடிப்பு மட்டும் காட்டாது.

மேனேஜர் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே போய் மறுபடி ஆரம்பித்திருக்கலாம். அந்தப் பெண் மேனேஜர் சொன்னபின் என் சார்பாக மும்பைக்கு எத்தனையோ முறை போன் செய்தவள். அவள் முகத்துக்கு எதிரே எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

"ஜெயிச்சாச்சா?" என்றாள் மனைவி.

விவரத்தைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள், அடுத்த பதிலைத் தயாரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சரி விடுங்க, போதும்" என்றாள். அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அதன்பின் வந்த ராத்திரிகளில் சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், அங்கே குளிரா, ஆமாம் என்று சீக்கிரமே முடிந்துவிடும். மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். போட்டேன் என்பேன். போனைக் கீழே வைத்ததும், பேசியே இருக்க வேண்டாம் போல் இருக்கும்.

ஒரு நாள் காலை. ஆளந்தி ரோட்டில் பனிமூட்டம், லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. நடந்துகொண்டிருந்தபோது மொபைல் அடித்தது. அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே கிடையாது. மகளுக்கு ஏதோ என்று பயந்துபோய் எடுத்தேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. நடக்கறீங்களா?"

"ஆமா."

"நிக்காதீங்க. போனைக் காதுல வச்சுக்கிட்டே நடங்க."

"என்ன பேசணும்?"

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். மூச்சு எப்படி வாங்குதுன்னு கேட்டுக்கறேன்."

நான் நடந்தேன். அவள் பக்கம் குக்கர் விசில் கேட்டது, குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது, மகள் சாக்ஸைத் தேடுவது கேட்டது. ஒரு தடவை, "கொஞ்சம் மெதுவா" என்றாள். வேகத்தைக் குறைத்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகும் ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளுக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் முடிந்த நாளெல்லாம் அப்படிக் கூப்பிட்டாள். மகளின் பொதுத் தேர்வு நெருங்கியதும் காலை நேரம் அவர்களுக்கு நெருக்கடியாயிற்று. ஒரு வாரம் விட்டுப்போனது, அப்புறம் நின்றே போனது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. புனேவில் எனக்கு இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருந்தது. காலையில் நடப்பதை நான் நிறுத்தவில்லை.