ஆறு கழிப்பறைப் படிகளும் என் கொழுந்தனாரும்

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா? என் கொழுந்தனார் உயிரோடு இருந்தபோது, ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டால், பஸ் போய்விடும் என்று ஓடினீர்கள். இப்போது முதல் வருஷத் திதி வருகிறது என்றதும், அவர் எப்படி வளர்ந்தார், என்ன செய்தார், கடைசியில் என்ன சொன்னார் என்று ஆளாளுக்கு என்னைப் பிடுங்குகிறீர்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? என் மகன் வேறு, "அம்மா, சித்தப்பாவுக்கு நினைவு மலர் போடுறோம், நீங்கதான் சொல்லணும்" என்று எதிரே வந்து உட்கார்ந்துகொண்டான். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள். வாய் என்னுடையது, எழுத்து என் பேத்தியுடையது. தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

எனக்கு அலுத்துவிட்டது. மாமியாரை அனுப்பி வைத்தேன், வீட்டுக்காரரை அனுப்பி வைத்தேன், இப்போது கொழுந்தனாரையும் அனுப்பியாயிற்று. ஒவ்வொரு தடவையும் எல்லாரும் போன பிறகு அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பது நான்தான். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

கொழுந்தனார் பிறந்தது கோலா சிலாங்கூருக்கு வடக்கே, இதே தோட்டத்தில், இதே லயத்து வரிசை வீட்டில். நான் மருமகளாக வந்து இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது, அவருக்கு ஒன்பது. "அண்ணி, உங்களுக்கு மாங்கா அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதோடு எங்கள் சிநேகிதம் உறுதியாகிவிட்டது. இரண்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. புல் வெட்டினார், உரம் சுமந்தார். பதினைந்து வயதில் டவுனில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கலவை குழைக்கப் போனார். அங்கே இருந்த கொத்தனார்கள் அவரைக் கரண்டியைத் தொட விடவில்லை. நான்கு வருஷம் மண்ணும் சிமெண்டும் குழைத்துக்கொண்டு மற்றவர்கள் சுவர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் ஒரு கொத்தனாருக்குக் காய்ச்சல் வந்ததால் இவர் கைக்குக் கரண்டி வந்தது. அன்று சாயங்காலம் வந்து, "நாலு வருசம் பாத்தது ஒன்னுத்துக்கும் ஒதவல அண்ணி. தொட்டப்பதான் தெரியுது, எனக்கு ஒன்னுமே தெரியலன்னு" என்றார்.

தொழில் கைவந்த பிறகு தோட்டத்துக்கே கொத்தனாராகத் திரும்பினார். வாய்க்கால், பாலம், லயத்துச் சுவர் எல்லாம் அவர் கைதான். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. சுங்கை ஆயர் தாவாரில் பெண் பார்க்கக் கூட்டிப் போனோம். பெண் காப்பியோடு வந்து நிற்கிறாள், இவர் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்க்கிறார். பெண்ணின் அப்பா, "என்னா மாப்ள, புடிச்சிருக்கா?" என்று கேட்டதும், "மாமா, இந்தச் செவுரு ரெண்டு வெரக்கட சாஞ்சிருக்கு" என்றார். அந்தச் சுவரைக் கட்டியது பெண்ணின் அப்பாதான். காப்பி ஆறுவதற்குள் நாங்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அதன் பிறகு அவருக்கு என் சோறே கதியாயிற்று. முப்பது வருஷம் பொங்கிப் போட்டேன். உப்புக் குறைந்தது என்று ஒரு நாள் சொன்னதில்லை. கூடியது என்று தினமும் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், டவுன் இடைநிலைப்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நான்காம் படிவத்தில், மார்க் குறைந்தவர்களைப் போடும் கடைசி வகுப்பில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் இருந்தார்கள், ஆண் ஐந்து, பெண் மூன்று. புத்தகத்தைத் திறந்தால் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடுகிறதாம். சனிக்கிழமைகளில் ஒரு தொழிலைக் கையால் செய்தே கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டு, பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு வருஷத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். தோட்டத்து மேனேஜரும் ஒத்துக்கொண்டார். எங்கள் லயத்தில் ஆறு வீடு. கோடியில் இருந்த பொதுக் கக்கூஸுக்குப் பதிலாக வீட்டுக்கு ஒன்று கட்ட, கல்லும் சிமெண்டும் அவர் கொடுப்பார். சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

"எனக்குப் பேசத் தெரியாது சார்" என்றார் கொழுந்தனார்.

"நீங்க பேசவே வேணாம்ணே. அவங்கள செய்ய விடுங்க, அது போதும்."

வருஷக் கடைசியில் சுகாதார அதிகாரி வந்து பார்ப்பாராம். வேலை சரியாக இருந்து, வீட்டு ஆட்கள் அதைப் புழங்கவும் செய்தால், எட்டுப் பேருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரக் கடிதம் கிடைக்கும். அடுத்த வருஷப் பிள்ளைகளும் வரலாம். இல்லையென்றால் சனிக்கிழமை வேலை நின்றுவிடும். எட்டும் பரீட்சையில் தோற்றுவிட்டு, மூன்றாம் நாள் செம்பனைக் காட்டில் பழம் பொறுக்கும்.

ஆசிரியர் போன பிறகு, "தம்பி, சோறு ஆறுது" என்றேன்.

"நான் நாலு வருசம் வேடிக்க பாத்தேன் அண்ணி. இதுங்க அப்படி நிக்கக் கூடாது" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. சுவரைத் தவிர வேறு எதன் மேலும் அவர் அப்படி ஆசை வைத்து நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டில் இருந்த, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர்தான் முதலில் சண்டைக்கு வந்தார். அவர் மகள் பார்வதியும் அந்த எட்டில் ஒருத்தி. "எம்மவ ஆபீஸ்ல கிராணியாவணும்னு நான் பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனா, நீ கக்கூஸு கட்டச் சொல்றியா?" என்று வேலி ஓரம் நின்று கத்தினார். பார்வதிதான், "ஏம்ப்பா, கிராணி கக்கூஸுக்குப் போறதில்லையா?" என்று கேட்டாள். மண்டோர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

பிள்ளைகள் வந்த முதல் சனிக்கிழமை, கொழுந்தனார் ஆளுக்கு ஒரு கரண்டியைக் கொடுத்து, "கட்டுங்க" என்றார். எப்படி என்று சொல்லவில்லை. முட்டி உயரத்துக்குக் கட்டினார்கள். இவர் வந்து காலால் லேசாக நெட்டினார். சுவர் படுத்துக்கொண்டது. "ஏன் வுழுந்திச்சி? நீங்களே கண்டுபுடிங்க" என்று நிழலில் போய் உட்கார்ந்தார். மூன்று சனிக்கிழமை இப்படியே விழுந்தது. நான்காவது சனிக்கிழமை பார்வதியின் சுவர் விழவில்லை. கொழுந்தனாரே இரண்டு தடவை நெட்டிப் பார்த்துவிட்டு, கால் விரலைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர் புத்தகத்தோடு வெயிலில் நின்றால், "சார், சும்மா நிக்காதீங்கலா, தண்ணி தூக்குங்க" என்று வாளியைக் கொடுப்பார். அவரும் தூக்குவார். நான் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, அத்தனை பேருக்கும் பொங்கினேன். ஆசிரியர் மட்டும் மூன்று பேர் சாப்பாடு சாப்பிடுவார். படித்தவர் வயிறு, குறை சொல்லக் கூடாது.

வேலையில் கொழுந்தனாருக்கு ஒரு சட்டம் இருந்தது. "செங்கல்லு பேசாது. நாளைக்கு வெடிச்சா யாரு பதில் சொல்றது? கட்டுனவங்க பேரப் போடுங்க" என்பார். முன்படியைக் கண்ணாடி போலத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் பிள்ளைகளை ஆணியால் பெயர் எழுதச் சொன்னார். முருகன், லெட்சுமி, பார்வதி என்று ஆறு படிகளிலும் பெயர்கள். அவருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு படியின் முன்னும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்தார். முதலில் திறந்தது என் வீட்டுக் கழிப்பறை. உள்ளே விறகு, கூரை வரைக்கும். அடுத்ததில் மண்டோரின் சைக்கிளும் பழைய தகர டின்களும். அதற்கடுத்ததில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, கதவைத் திறந்ததற்கு அதிகாரியைக் கொத்த வந்தது. "இது என்ன, ஸ்டோரா?" என்று அவர் மலாயில் கேட்டார். வேலை மிக நன்றாக இருக்கிறதாம், ஆனால் ஒருவரும் புழங்கவில்லையே என்றார். இரண்டு வாரத்தில் திரும்பி வருவேன், அப்போதும் இப்படியே இருந்தால் பள்ளிக்கு அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். "அண்ணி, நீங்களுமா?"

"வெறவு நனையுது தம்பி" என்றேன். பொய். விறகை வைக்க வேறு இடம் இருந்தது.

இரண்டு நாள் அவர் ஒவ்வொரு கழிப்பறையாகப் போய்த் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தரை வாட்டம் சரியில்லையோ, குழாய் அடைக்கிறதோ என்று தேடினார். குனிந்து குனிந்து ஏற்கனவே இருந்த முதுகுவலி கூடியதுதான் மிச்சம். பார்க்கச் சகிக்காமல் தண்ணீர்க் குழாயடியில் மண்டோர் பெண்டாட்டி அஞ்சலையை மடக்கினேன். "ஏண்டி, நீ ஏன் போவல?"

"நீ ஏன்க்கா போவல?"

"நான் கேட்டதுக்குச் சொல்லுடி."

"படியில எம்மவ எழுதி வச்சிருக்காக்கா. பார்வதின்னு. சாமி பேரு. படிக்கிற புள்ளைங்க எழுத்து வேற. பொஸ்தகத்துல கால் பட்டாவே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். அதப் போயி மிதிச்சிட்டு, உள்ள போயி... ஐயோ, என்னால ஆவாது."

எனக்கும் அதேதான். என் படியில் முருகனும் லெட்சுமியும் இருந்தார்கள். எழுத்துத் தெரியாதவளுக்குத்தான் எழுத்தின் மேல் பயம் அதிகம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "தம்பி, ஒங் கட்டடத்துல ஒரு தப்பும் இல்ல. பேருதான் தப்பு. ஊரு சாமியெல்லாம் கக்கூஸு வாசல்ல படுக்க வச்சிருக்க. யாரு தாண்டிப் போவா?"

அவர் சிரிக்கவில்லை. "பேர எடுத்துட்டா வேலைக்கு யாரு பதில் சொல்றது அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை உளியையும் சுத்தியலையும் பிள்ளைகளிடம் கொடுத்து, படியின் மேல்பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்னார். பார்வதிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, எம்பேரு போச்சின்னா நான்தான் கட்டுனேன்னு யாருக்குத் தெரியும்?"

"ஒனக்குத் தெரியும். செவுத்துக்குத் தெரியும். இப்ப கொத்து, அடியில இருக்குற கல்லு அசையாமக் கொத்து. அதும் ஒரு வேலதான்."

கொத்தினார்கள். புதிதாகப் பூசித் தேய்த்தார்கள். ஈரம் காயும் முன் கொழுந்தனார் ஆணியை வாங்கிக்கொண்டு முட்டி போட்டார். அவருக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு சொல், சம்பளம் வாங்கும்போது கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட தன் பெயர். ஆறு படியிலும் அதை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் ஆயிற்று. ஆறாவது படியில் எழுத்தும் அவரைப் போலவே களைத்துக் கோணியிருந்தது.

"எம்பேருல சாமி இல்ல, படிப்பும் இல்ல. தாராளமா மிதிங்க" என்றார் எழுந்து நின்று. "செவுரு வெடிச்சா என்னத் தேடி வாங்க. புள்ளைங்கள கேக்காதீங்க."

"வயசுல பெரியவரு பேர எப்படிண்ணே மிதிக்கிறது?" என்று அஞ்சலை இழுத்தாள்.

"மிதிம்மா. ரொம்ப நாளா முதுகு வலி. அதுலயாவது போவுதான்னு பாப்போம்."

சிமெண்ட் இறுகியதும் லயத்தில் முதலில் மிதித்தது நான்தான். அண்ணி என்ற உரிமையில் இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தேன். உப்பு கூடியது என்று சொன்ன அத்தனை நாளுக்கும் சேர்த்து மிதித்தேன். அவர் தூரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். கோழிக்கு வேறு கூடை பார்த்தோம்.

அதிகாரி திரும்பி வந்தபோது ஆறு தரையும் ஈரமாக இருந்தன. ஒன்றில் உள்ளே ஆள் இருந்ததால் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. எட்டுக் கடிதமும் வந்தன. அடுத்த வருஷம் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். எனக்குச் சோற்றுப்பானை பெரிதாயிற்று. பழைய பொதுக் கக்கூஸை அந்தப் பன்னிரண்டு பேரும்தான் இடித்தார்கள்.

பிறகு சொல்ல என்ன இருக்கிறது? மனிதன் தேய்வதைத்தான் சொல்ல வேண்டும். முதுகு முதலில் போனது, அப்புறம் மூச்சு. இத்தனை வருஷச் சிமெண்ட் தூசி நெஞ்சில் படிந்துவிட்டது. கடைசி மூன்று மாதம் கூடத்தில் படுத்தபடி, மேலே பார்த்து, "அந்த மூலையில பூச்சு வெடிச்சிருக்கு அண்ணி, புள்ளைங்கள வரச் சொல்லுங்க" என்று தினமும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், பஸ்ஸில் கூட்டிவந்து, எனக்கும் கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் டீயை முழுசாகக் குடித்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி வார்த்தை எதுவும் இல்லை. இனிப்புக் கூடியது என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

நன்றி சொல்லச் சொல்லி மகன் கண்ணைக் காட்டுகிறான். ஊசி போட்டுப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார்களுக்கும், லோரி கொடுத்த கடைக்காரருக்கும், வாளியைப் போலவே பாடையையும் தூக்கிய ஆசிரியருக்கும், கிள்ளானில் குழாய் வேலை செய்கிற இடத்திலிருந்து கரண்டியோடு வந்து சமாதியைப் பூசிய பார்வதிக்கும், அழுத எல்லாருக்கும், அழுவதுபோல் நடித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் கொல்லைப் பக்கம் போனேன். ஆறு படியிலும் செம்பருத்திப் பூ. ஒன்றில் ஊதுவத்தி வேறு புகைகிறது. அஞ்சலை கையில் வாளியோடு, உள்ளே போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற வீட்டுப் பெண்கள். என்னடி என்று கேட்டேன்.

"அண்ணன் இப்ப சாமியாயிட்டாருக்கா. எப்படி மிதிக்கிறது? தாண்டிக் குதிச்சிரலாமான்னு பாக்குறேன்."

அவர்களிடம் நான் சொன்னது இதுதான்:

"சாமியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தாளு மிதிக்கச் சொல்லித்தான் முட்டி தேய எழுதி வச்சிருக்காரு. நீங்க நின்னீங்கன்னா நாளைக்கே கோழி உள்ள வந்திரும். பூவ எடுத்துத் தலையில வச்சிக்கிட்டு, கால நல்லா அழுத்தி வச்சிப் போங்கடி. ஈரப் படி, குதிச்சா வழுக்கும். வுழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டீங்கன்னா பழி எங் கொழுந்தன் மேலதான் வரும், பேரு அங்கதான இருக்கு."