கண்ணாடியில் நடீன் எழுதிய எண்

டெல்பர்ட் ஃபௌட்ஸ் இரண்டு கோடைக்காலமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தான். ஏன் தோற்கிறான் என்று கெட்டில் க்ரீக் பந்தயத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த விஷயத்தில் எங்கள் இந்தியானாக்காரர்கள் ரொம்ப மரியாதைக்காரர்கள். பக்கத்தில் ஒருத்தன் செத்துக்கொண்டிருந்தாலும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் வராது. தடத்து வாசலில் ஹாட் டாக் கடை போட்டிருப்பவள் நான், ரோவீனா. டெல்பர்ட் என் தங்கை நடீனின் புருஷன்.

வண்டி அறுபத்தொன்பதாம் வருஷத்து செவெல் கார். ஒரு பண்ணைக் கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தபோது பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தரை துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளே உட்கார்ந்தால் கால் மண்ணில் படும். நடீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுதான் வேணும்" என்றாள். எங்கள் அம்மா பெற்ற இரண்டில் புத்தி எனக்கு, பிடிவாதம் அவளுக்கு. டெல்பர்ட் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு மெக்கானிக். எஞ்சின் அவன் பொறுப்பு. தகரம் வெட்டி, பற்றவைத்து, தேய்தேய் என்று தேய்த்துச் சாயம் அடித்தது அவள். ஆறு வருஷம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டைத் தவிர எல்லாம் கிடந்தது.

ஓட்டியதும் அவள்தான். டெல்பர்ட் மலை போன்ற ஆள், நடீன் அவனில் பாதி. பச்சை விளக்கு விழுந்த கணத்தில் கிளம்புகிற சுறுசுறுப்பு அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. எங்கள் பந்தயத்தில் வெறும் வேகத்துக்கு மதிப்பில்லை. நேர்த் தடத்தில் இரண்டிரண்டு வண்டியாக ஓடும், ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கால் மைலைத் தன் வண்டி எத்தனை நொடியில் கடக்கும் என்று ஓட்டுகிறவர் வெள்ளை ஷூ பாலிஷால் வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மெதுவான வண்டியை முன்னதாகக் கிளம்ப விடுவார்கள். எழுதியதைவிட மெதுவாகப் போனால் எதிராளி முந்திவிடுவான். எழுதியதைவிட வேகமாகப் போனாலோ அப்போதே தோல்வி. எழுதினதைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக ஓர் அக்டோபரில் நடீன் 12.38 என்று எழுதினாள். பந்தயக் காலம் முடிந்து வண்டியைத் துணி போட்டு மூடினார்கள். பிப்ரவரியில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நாற்பத்தோரு வயது. இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்குக் கடவுள்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

வசந்தம் வந்ததும் டெல்பர்ட் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு தடத்துக்கு வந்தான். கழுவித் துடைத்து வண்டி பளபளவென்று இருந்தது. எண் எழுதிய அந்த ஒரு கண்ணாடியில் மட்டும் குளிர்காலத்துத் தூசி அப்படியே இருந்தது. அன்று அவன் எடுத்துக்கொண்டது பன்னிரண்டரை நொடி. பாரம் கூடினால் வண்டி மந்தமாகும் என்பது எங்களூர்ப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவனுடைய பழைய சிநேகிதன், குழாய் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமைகளில் பந்தயம் ஓட்டும் க்ளைட், என் கடை முன்னாலேயே பிடித்துக்கொண்டான்.

"அடேய் தடியா, அவ வேற, நீ வேற. உன் உடம்புக்கு அந்த நம்பர் வருமாடா? அழிச்சிட்டு உன் நம்பரை எழுது. இல்லேன்னா எஞ்சினை முடுக்கு."

"எஞ்சின்ல கை வைக்க மாட்டேன். அவ ஓட்டின எஞ்சின் அது."

"அப்ப நம்பரை அழி."

"அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பாரு, க்ளைட். கை இருக்காது."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் நேரம் அச்சடித்த சீட்டு ஒன்று தருவார்கள். அதை டெல்பர்ட் என்னிடம் கொண்டுவந்து காட்டுவான். அந்தக் கோடை முடிவதற்குள் நேரம் துளித்துளியாகக் குறைந்திருந்தது. டயர் பதமாகியிருக்கும், காற்று வறண்டிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த கோடையில் இன்னும் குறைந்தது. சனிக்கு சனி, மயிரிழை மயிரிழையாக, அவள் எண்ணை நோக்கி வண்டி போய்க்கொண்டிருந்தது.

"வண்டியில என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"ஒரு திருகாணியக்கூடத் தொடல." சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னான். "வர்றா, ரோ. கொஞ்சம் கொஞ்சமா வர்றா."

ஒன்று சொல்லிவிடுகிறேன், நானும் நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன். அந்தச் செவெல் கியர் மாறும் சத்தம் கேட்டால் கடுகுச் சாஸ் புட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவேன். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகுமுன் நடீன் ஒரு நொடி இழுத்துப் பிடிப்பாள். இப்போது அதே இழுப்பு கேட்டது. அவன் இளைத்துக்கொண்டே வந்ததையும் பார்த்தேன். துக்கம் ஆளைத் தின்னும்தானே என்று விட்டுவிட்டேன். ஒரே மூச்சில் மூன்று ஹாட் டாக்கை உள்ளே தள்ளுகிறவன் கறுப்புக் காபியோடு நிறுத்திக்கொண்டான். "வீட்ல சாப்பிட்டுட்டேன்" என்பான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பகல், பயிற்சி ஓட்டம் முடித்து க்ளைட் என் கடைக்கு வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு காபி குடு. சர்க்கரை நிறையப் போடு."

"என்னடா, வண்டியைக் கவுத்திட்டியா?"

"ரோ, நான் சொல்றதைக் கேட்டுச் சிரிக்காத. டெல்பர்ட்டுக்குப் பக்கத்துத் தடத்துல நின்னேன். திரும்பிப் பார்த்தா நடீன் உக்காந்திருக்கா. அவ பந்தயத்துக்குப் போடற நீல ஜாக்கெட்டு, ஹெல்மெட்டு, அதே குச்சித் தோளு. பழக்கதோஷத்துல நான் கையை வேற ஆட்டிட்டேன்."

"குடிச்சியா?"

"பந்தய நாள்ல நான் என்னைக்குக் குடிச்சிருக்கேன்? அவ திரும்பக் கையை ஆட்டினா, ரோ."

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இடுக்கி கையிலேயே இருந்தது. பயமா, சந்தோஷமா, சொல்லத் தெரியவில்லை. முதல் சுற்றுக்கு வரிசையில் நின்ற செவெலின் ஜன்னலுக்குள் தலையை விட்டேன்.

டெல்பர்ட்தான் உட்கார்ந்திருந்தான். நடீனின் நீல ஜாக்கெட், கழுத்துவரை ஜிப் போட்டு. ஒரு காலத்தில் அவன் ஒரு கையைக்கூட அதில் நுழைத்திருக்க முடியாது. இப்போது தோளில் தொளதொளத்தது. கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தான். இத்தனை நாள் தொளதொளச் சட்டைகளுக்குள் ஒளித்து வைத்திருந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

"நீ சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"சாப்பிடறேனே."

"என்கிட்டயே பொய் சொல்லாத. இது எப்படி உனக்கு நுழைஞ்சுது?"

அவன் கோபப்படவில்லை. பேருந்துக்காரனுக்குப் பழுது விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னான்: "எஞ்சின் அதேதான். டயர் அதேதான். பெட்ரோல் அதேதான். அவ ஓட்டினதுக்கும் நான் ஓட்டறதுக்கும் நடுவுல கூடுதலா இருந்தது நான் ஒருத்தன்தான், ரோ. அதைத்தான் கழட்டிக்கிட்டு இருக்கேன்."

"பைத்தியக்காரா! செத்துப்போவே!"

"அவ வரணும்னா இடம் வேணாமா?"

வரிசை நகர்ந்தது. வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளினார். டயர் புகை கிளம்பியது, பச்சை விழுந்தது, நான் இடுக்கியோடு கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது கியருக்கு முன் அந்த இழுப்பு கேட்டது. தடத்தின் முடிவில் நேரப் பலகையில் விளக்கு எரிந்தது: 12.38.

மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியது. நானும் கத்தினேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அந்தப் பன்னிரண்டு நொடிக்கு என் தங்கை உயிரோடு இருந்தாள். அவன் எதைக் கொடுத்து அதை வாங்கினான் என்று தெரிந்தும் சந்தோஷப்பட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஜெயித்ததால் இரண்டாம் சுற்று ஓட வேண்டியிருந்தது. அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. பலகை 12.36 காட்டியது. எழுதியதைவிட வேகம், அதனால் தோல்வி. காற்று குளிர்ந்துவிட்டது, அதுதான் என்றான் க்ளைட். இருக்கலாம். டெல்பர்ட் வேறு விதமாக எடுத்துக்கொண்டான்.

ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கியபடி கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"தாண்டிட்டேன், ரோ. அவளைப் பின்னாடி விட்டுட்டு வந்துட்டேன்."

அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு குடு. கொஞ்சம் ஏத்தணும். அவ எடைக்கு வந்ததும் நிறுத்திடுவேன்."

வெங்காயம், கடுகுச் சாஸ், பாலாடைக்கட்டி என்று ரொட்டி தாங்குகிற மட்டும் அடுக்கிக் கொடுத்தேன். அவன் மெதுவாகத் தின்றான், தாடையே மறந்துபோன மாதிரி. பாதியில் நிறுத்தி, மிச்சத்தைக் காகிதத்தில் வைத்து என் பக்கம் தள்ளினான்.

"அவ சரியா எவ்வளவு எடை இருந்தா? எனக்கு அது தெரியாமலே போச்சு. கேட்டா அடிக்க வருவா."

நூற்றிருபது பவுண்டு. கல்லூரி நாளிலிருந்து அதற்குமேல் ஓர் அவுன்ஸ் ஏறியிருந்தால் ஊரையே ரெண்டாக்கியிருப்பாள். எனக்கு நன்றாகத் தெரியும், அவள் உடுப்புகளையெல்லாம் தைத்தவளே நான்தான்.

"நூத்தி எண்பது," என்றேன்.

டெல்பர்ட் ஜாக்கெட்டின் தொளதொளத்த தோளைப் பிடித்துப் பார்த்தான்.

"அவ்வளவா?"

"பின்னே? எலும்பு கனம் அவளுக்கு. எங்க குடும்பமே அப்படித்தான்."

அவன் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மிச்சப் பாதியை எடுத்துக் கடித்தான்.