மாமனாரின் ஒரு நாள் தண்ணீர்

முதலில் கண்ணில் பட்டது செருப்புத் தடம்தான். கரும்பு வயலிலிருந்து திரும்பிய என் மாமனார் செருப்பைக் கழற்றினார். வார் பதிந்த பள்ளம் சாயங்காலம்வரை பாதத்தில் அப்படியே இருந்தது. "வெயிலுக்கு வீங்கிக்கினு கெடக்குதும்மா" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

மறு மாதம் முகமும் ஊதியது, சிறுநீர் குறைந்தது. கள்ளக்குறிச்சியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவு) கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. பல வருடச் சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார் டாக்டர். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கியது.

உங்கள் வீட்டிலும் ஒருவர் அந்தக் கட்டிலில் படுத்திருக்கலாம். அதனால் சொல்கிறேன். ஊசிக்கு மனிதர் எப்படியோ பழகிவிடுகிறார். தாகத்துக்குப் பழகுவதில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தாம்மா. டீ, ரசம், மோர் எல்லாம் அதுல சேத்தி. மீறினா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். பாத்துக்கறது நீங்கதானே?"

நான்தான். மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. என் கணவருக்கு வேலை சேலத்தில். டீக்கும் ரசத்துக்கும் கழித்துக்கொண்டு, மீதி அரை லிட்டரைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பேன். மாமா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எம்மருமவ எனக்கு ரேஷன் கார்டு போட்டுட்டா."

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டார்கள். "பேரப் பசங்கள இட்டுக்கினு ஒரு சுத்து போய் வந்துடறேம்மா. எல்லாரையும் ஒருவாட்டி பாத்துடணும்" என்றார் மாமா. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மிஷின் இல்லாத நாட்களில் கார் வைத்துக்கொண்டு போனோம். மணலூர்பேட்டையில் அவர் தம்பி வீடு, அப்புறம் சின்னசேலத்தில் மகள் வீடு. எங்கள் பக்கத்தில், விருந்தாளி வாசல் ஏறியதுமே சொம்பில் தண்ணீர் நீட்டுவார்கள். மாமா உதட்டை நனைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுப்பார். நான் பக்கத்தில் பாட்டிலோடு காவல் நிற்பேன். "இன்னாம்மா, பெத்த அப்பனுக்கு நான் தண்ணி குடுக்கக்கூடாதா?" என்று என் நாத்தனார் சண்டைக்கே வந்தாள். நான் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து இரண்டு டம்ளர் மோர் கொடுத்துவிட்டாள் புண்ணியவதி.

அன்று சாயங்காலம் மாமாவுக்கு மூச்சு இழுத்தது. ஆக்சிஜன் வைத்து, அவசரமாக மிஷினில் போட்டு மீட்டார்கள். அதற்குப் பிறகு யார் கையில் சொம்பைப் பார்த்தாலும் நான் குறுக்கே போய் நின்றேன்.

மலையைக் கடைசிக்கு வைத்திருந்தார் மாமா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் அவருடைய ஒரே தங்கை இருக்கிறார். எங்களுக்கு அத்தை. அத்தையின் மகள் வயதுக்கு வந்த சடங்கில், தாய்மாமன் போடவேண்டிய முதல் மாலையைப் அத்தை புருஷன் வீட்டுப் பங்காளி ஒருவர் முந்திக்கொண்டு போட்டுவிட்டாராம். "இனிமே ஒன் வூட்டுப் பச்சத்தண்ணி எம்பல்லுல படாது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தவர்தான் மாமா. கல்யாணம் காட்சிகளில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். அத்தை வீட்டு வாசலை மட்டும் இருபத்திரண்டு வருடமாக மாமா மிதிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது பார்த்தேன், பாட்டில் நிரப்பியபடியே இருந்தது. உதடு வெடித்திருந்தது. "குடிங்க மாமா, நாக்கு வறண்டுடும்" என்றேன். "அப்பறம்" என்றார். இன்னும் இரண்டு முறை சொன்னேன், பிறகு திட்டினேன். சிரித்தாரே தவிர மூடியைத் திறக்கவில்லை.

அத்தை வீட்டை அடையும்போது மணி மூன்று. அத்தை வாசலுக்கு ஓடி வந்தார். கையில் தளும்பத் தளும்ப ஒரு சொம்பு. நீட்டலாமா வேண்டாமா என்று அண்ணன் முகத்தைப் பார்த்தார். "வாண்ணா" என்றார். மாமா இரண்டு கையாலும் சொம்பை வாங்கித் தூக்கினார்.

நான் பிடுங்கிவிட்டேன்.

அந்தச் சபதம் எனக்குத் தெரியும். அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை. மூச்சு இழுத்த அந்தச் சாயங்காலம்தான் கண்முன் நின்றது. "வேணாம் மாமா, செத்துடுவீங்க" என்று கத்தினேன். தண்ணீர் அவர் சட்டையெல்லாம் சிந்தியது. அத்தையின் முகம் செத்துப்போனது. "ஆமாம்மா, ஒடம்புதான் முக்கியம்" என்று உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அதில் அரை டம்ளர் அளந்து நானே கொடுத்திருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை எனக்கு.

இறங்கி வரும் வழியில் மாமா மெதுவாகச் சொன்னார். "காலையிலேர்ந்து ஒரு வாய் குடிக்காம சேத்து வெச்சேம்மா. அவ வூட்ல குடிக்கலாம்னு."

காரை நிறுத்தச் சொன்னேன். திரும்பிப் போகலாம் என்று அழுதேன். "வுடும்மா. நாளைக்கி மிஷின் இருக்குது. அடுத்தவாட்டி வரலாம்" என்று என் தலையில் கை வைத்தார்.

அடுத்த முறை வரவில்லை. திங்கட்கிழமை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இதயம் தளர்ந்துவிட்டது, இனி மிஷின் தாங்காது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் என்னிடம், "இனிமே தண்ணிக்கு அளவு வேணாம்மா, கேட்டா குடுங்க" என்றார். மடச்சி, ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அதன் அர்த்தம் உறைத்தது.

அத்தை மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். மடியில் தன் வீட்டுத் தண்ணீர், அந்தச் சொம்பிலேயே, துணி கட்டி. உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. சொம்பை என் கையில் வைத்தார். "நீயே போம்மா. ஒனக்குத்தான அளவு தெரியும்." குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னார்.

மாமா கண் திறக்கவில்லை. "அத்த வூட்டுத் தண்ணி மாமா" என்று காதில் சொல்லி, கரண்டியால் கொஞ்சம் விட்டேன். உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. மறுபடி விட்டேன். அதுவும் வழிந்தது.

வெளியே அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குடிச்சிச்சா எங்கண்ணன்?"

"குடிச்சாரு அத்த. ரெண்டு வாய்."

அத்தை முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை மாமா போய்ச் சேர்ந்தார். "எங்கண்ணன் எங்க வூட்டுத் தண்ணி குடிச்சிட்டுதான் போச்சி" என்று கருமாதிக்கு வந்த அத்தனை பேரிடமும் அத்தை சொன்னார்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களே, அளந்துதான் கொடுங்கள். டாக்டர் சொன்னது தப்பில்லை. ஒருவர் தன் பங்கைக் குடிக்காமல் வைத்திருந்தால், ஏன் என்று ஒரு தரம் கேளுங்கள். நான் கேட்கவில்லை, அதட்டினேன்.

இப்போது தாகம் எடுத்தால் என் கண் முதலில் மணியைப் பார்க்கிறது. இந்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள், காலையிலிருந்து தண்ணீர் தொடாமல் இருந்து பார்த்தேன். பதினோரு மணிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குத் தலை கிறுகிறுத்தது. பன்னிரண்டரைக்கு என்னை மீறிக் கை குடத்துக்குப் போய்விட்டது. மாமா மூன்று மணி வரைக்கும் இருந்தார்.