மூன்று பிளக்கில் ஓடிய வேன்

போன மாதம் என் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, அணையவே இல்லை. மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் அறுந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்றார். கம்பி கட்டிச் சமாளிக்க முடியாதா என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ஒரு ஹீட்டருக்குக் கம்பி கட்டியதை என் பத்தாவது வயதில் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேன் டிரைவர். சாயங்காலம் ஏற்றிய லோடு இரவெல்லாம் கேட்டருகே நிற்கும். காலையில் விருதுநகர் லாரி ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய டீசல் வேன். மழைக்காலத்தில் இன்ஜினைச் சூடாக்கத்தான் அதில் நான்கு ஹீட்டர் பிளக் இருந்தன. அந்த வருஷம் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. மற்ற ஊர் டிரைவர்கள் என்றால் டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தி, காற்றுக் குழாய் வாயில் காட்டிக் கிளப்பிவிடுவார்கள். தீப்பெட்டியையே கேட்டில் கொடுத்துவிட்டு நுழைகிற இடத்தில் அது நடக்குமா? பட்டாசுக் குழாய் சுருட்ட வரும் பெண்கள்தான் வேனைத் தள்ளினார்கள்.

"டிரைவரண்ணே, ஒங்க வேனுக்குச் சக்கரம் நாலா, எங்களையும் சேத்துப் பதினாலா?"

சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இனி ஒரு லோடு தவறினாலும் வேறு டிரைவரைப் போட்டுவிடுவதாக ஃபோர்மேன் சொல்லியிருந்தார்.

அப்பா பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காலி வேன் எங்கள் வாசலுக்கு வந்தது. மாதா கோயில் குடிலுக்கு சீரியல் செட் கட்டுகிறவர் அப்பாதான். ஒரு பல்பு போனால் வரிசை முழுதும் அணைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஹீட்டர் பிளக்குகளும் அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பிளக்கையும் தாண்டிக் கம்பியால் இணைத்துப் பார்த்தார். மூன்றாவதைத் தாண்டியபோது, பிளக்குகள் சூடாவதைக் காட்ட டாஷ்போர்டில் இருந்த சுருள்கம்பி சிவந்தது. பழுது அந்த ஒன்றில்தான்.

புது பிளக் மதுரையில்தான் கிடைக்கும், நாளைக்கே போய் வருகிறேன் என்றார் சித்தப்பா. தேவையே இல்லை, சீசன் முழுவதும் இந்தக் கம்பி தாங்கும் என்று அப்பா முடுக்கிக் கட்டிவிட்டார். நான்கு பிளக்கும் நன்றாக இருந்த நாளிலேயே முப்பது எண்ணும்வரை சூடேற்ற வேண்டிய இன்ஜின் இப்போது பதினெட்டிலேயே கிளம்பியது. சுருளும் முன்னைவிடப் பளிச்சென்று சிவந்தது. அதைப் பார்த்து அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை.

அடுத்த நான்கு நாளும் பள்ளிக்குப் போகும் வழியில் கம்பெனி கேட்டில் சைக்கிளை நிறுத்தி, வேன் கிளம்பும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அப்பா மிதித்தார். பின்னால் கேரியரில் நான் எண்ணுவேன். எங்க அண்ணன் செய்த வேலை என்று சித்தப்பா அந்தப் பெண்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வெள்ளிக்கிழமை நான் அறுபதுவரை எண்ணினேன். சுருள் சிவக்கவில்லை. ஒரு பிளக்கை விலக்கியதால் மற்ற மூன்றிலும் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்து, இன்னொன்றும் கருகிவிட்டிருந்தது. முந்தைய நாட்களின் பளிச்சென்ற சிவப்புக்கு அதுதான் பொருள். அப்பாவுக்கு அது அங்கேயே புரிந்திருக்க வேண்டும். பெண்கள் தள்ளிப் பார்த்தார்கள். சேற்றில் சக்கரம் சுழலாமல் வழுக்கியது. லாரி போய்விட்டது.

ஃபோர்மேன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, இந்தக் கம்பிய எவம்லே கட்டுனது?"

பத்துப் பெண்களும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"நாந்தான் கட்டுனேன்," என்றார் சித்தப்பா. "அண்ணன் வேணாம்னுதான் சொன்னாக."

ஒரே மூச்சில் இரண்டு பொய். வகுப்பில் யார் பொய் சொன்னாலும் அப்பா விட்டுவைக்க மாட்டார். இதையும் திருத்துவார் என்று காத்திருந்தேன். அவர் சைக்கிள் மணியில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, பள்ளிக்கு நேரமாகிறது என்றார். சித்தப்பா சாவியைக் கொடுத்துவிட்டு லோடு ஏற்றுகிற ஆளாக மாறினார்.

அன்று சாப்பாட்டின்போது, அப்பா செய்த வேலையைச் சித்தப்பா தன்னுடையது என்று சொல்லிக்கொண்டார் என அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் பாதியிலேயே கை கழுவினார்.

அதன்பின் சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்றுகொள்வார். அவர் போகும்வரை உட்கார மாட்டார். எங்கள் வீட்டில் நான்கு நாற்காலிகள் இருந்தன. தம்பி உட்கார்ந்திருக்க அண்ணன் ஏன் நிற்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவே இல்லை.